நாச்சம்மாளின் கை

விடுதி ஜன்னல்களைப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று படபடவென்று அடிக்கிறது. நாளை வார்டில் முதல் ஊசி போடவேண்டிய முதலாமாண்டு நர்சிங் மாணவி இருதயம்மாள், ஆரஞ்சுப் பழத்தில் மட்டுமே குத்திப் பழகியவள். அவள் முன்னால் மூன்றாமாண்டு நாச்சம்மாள் ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டு உட்கார்கிறாள். கொதிக்கவைத்தெடுத்த கண்ணாடிச் சிரிஞ்சில் வெயில் மின்னுகிறது. அதைப் பிடித்தபடி இருதயம்மாள் ஊசி முனையையே பார்க்கிறாள். "பயப்படாத கண்ணு, என்ற கைதானே, குத்து" என்கிறாள் நாச்சம்மாள். ஸ்பிரிட் பஞ்சு சில்லென்று படுகிறது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, வெளியே கொடியில் ஆடும் வெள்ளைச் சேலைகளையே பார்க்கிறாள். வலியைக் காணோம். "ஏங்கண்ணு, இன்னும் குத்தலியா?" "எக்கா, குத்தி எடுத்தாச்சே!" என்று சிரிக்கிறாள் இருதயம்மாள். சுருட்டிய கையை இறக்காமலே நாச்சம்மாள் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிறாள். மேசை மேசையாக நின்று, கேட்காதவர்களிடமும் காட்டுகிறாள்: "நம்ம இருதயம் போட்ட ஊசிங்க!"