எறும்பு எழுத்து

மேசையில் கிடந்த தன் சாமான்களையெல்லாம் பைக்குள் திணித்துக்கொண்டுதான் தங்கை அண்ணனின் அறைக்குள் நுழைந்தாள். அவன் கம்பெனியில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலை அவளுக்கு. வாய் மட்டும் முதலாளி வாய்.

“இந்த ஓ.எஸ். நாளைக்கு வெளிய போகக் கூடாது. போனா நான் இங்க இருக்க மாட்டேன்.”

அண்ணனுக்குச் சுர்ரென்று ஏறியது. கம்ப்யூட்டரையே இயக்குகிற மென்பொருள்; ஓட்டை லேப்டாப்பில்கூடப் பறக்கிற இலகுவான ஓ.எஸ்.! ராப்பகலாக உயிரைக் கொடுத்து உருவாக்கியிருக்கிறான்.

“அப்படி என்னடி குறை கண்டுட்ட?”

“இப்ப வர்ற கூர்மையான திரையில போட்டுப் பாருண்ணே. எழுத்து எறும்பா ஊருது. பெருசாக்கினா பாதி பட்டன் திரைக்கு வெளிய போயிடுது. ரெண்டுக்கும் நடுவுல வெச்சா ஒரே மங்கல். வெளிய உட்கார்ந்திருக்கற அத்தனை பேரும் இதையேதான் சொல்றாங்க. உன்கிட்ட சொல்லத்தான் பயம்.”

“உனக்குக் கண்ணு போனா ஊருக்கே போச்சா? எனக்குப் பளிச்சுனு தெரியுது. போய்க் கண்ணாடி மாட்டு, போ!”

“தெரியுதா? அப்ப சரி.”

அவன் மேசையில் அந்த ஓ.எஸ். போட்ட புது லேப்டாப் இருந்தது. அதைத் தன் பக்கம் இழுத்து, அவன் மெயிலில் மடமடவென்று எதையோ தட்டினாள். மறுபடி அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

“நல்லாப் படிச்சுப் பாரு. சம்மதம்னா ஆபீஸ் முழுக்க அனுப்பு. இல்லேன்னா அழிச்சுடு.”

வேலையை விடுகிற சேதிதான், வேறென்ன! போகிறவளைப் பிடித்தா வைக்க முடியும்? மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தான்.

“பெருசாக்கட்டுமா?”

“ஒண்ணும் வேணாம். படிச்சாச்சு.” கொஞ்சம் தடவினான். “அனுப்பற பட்டன் எங்க?”

“இடது ஓரம்.”

வீறாப்பாகத் தட்டினான். வெளியே வரிசையாக ஃபோன்கள் கிணுகிணுத்தன. பிறகு கைதட்டலும் விசிலும் கூரையைப் பிளந்தன.

அண்ணன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தான். “பாத்தியா? நீ போறேன்னதும் ஒவ்வொருத்தனுக்கும் என்னா சந்தோஷம்!”

“கைதட்டல் உனக்குத்தாண்ணே... எழுத்து சரியாகற வரைக்கும் வெளியீடு கிடையாதுன்னு நீயே சொல்லிட்டியே!”