மருமகளின் ஹெட்போன்

“இதுக்கு ஒரு வயர் குடு தம்பி. சாயங்கால பஸ் வர்றதுக்குள்ள நான் வூடு போய்ச் சேரணும்.”

மஞ்சப் பையிலிருந்து தீர்த்தம்மாள் எடுத்து வைத்ததைப் பார்த்து ஜோசப் ராஜ் கொஞ்சம் அசந்துதான் போனார். காதை முழுக்க மூடுகிற பெரிய ஹெட்போன். நல்லம்பள்ளி பஸ் ஸ்டாப்பை ஒட்டிய அவருடைய செல்போன் கடைக்கு அந்த மாதிரி சாமான் அடிக்கடி வராது.

“வயர் என்னங்கம்மா ஆச்சு?”

“ஆட்டுக்குட்டி மென்னுடுச்சு. நேத்துக் காலையில.”

“ஹெட்போன் உங்களுதுங்களா?”

“எம் மருமவ ஐஸ்வர்யாவுது. வயர் போனதுல இருந்து ஒரே அழுகை. இன்னிக்குப் பையில துணிய அடுக்கிட்டா. சாயங்காலம் பஸ் ஏறி அரூருக்கு, அவங்க அம்மா வூட்டுக்குப் போறாளாம். இது ரெடியாச்சுன்னா நிறுத்திப்புடலாம்.”

போனுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சுபாவுக்கு இதைக் கேட்டுப் பொறுக்கவில்லை. அவள் வீட்டுக்கும் மருமகள் வந்து ஆறு மாதம் ஆகிறது.

“ஏங்க்கா, பாட்டுக் கேக்க முடியலேன்னு அம்மா வூட்டுக்குப் போறாளா? நல்லா இருக்குதே! நாள் பூரா மாட்டிக்கிட்டே இருப்பாளோ?”

“வேலை செய்யறப்ப மாட்டிக்குவா. பாத்திரம் கழுவறப்ப, வாசல் கூட்டறப்ப, மாட்டுக்குத் தண்ணி காட்டறப்ப.”

“நீங்க கூப்பிட்டாக் கூடக் கேக்காதே!”

“கேக்காது” என்றாள் தீர்த்தம்மாள், மழை பெய்தால் நனையும் என்கிற மாதிரி.

“எவ்வளவு பொறுமைக்கா உங்களுக்கு! நானா இருந்தா அந்த ஆட்டுக்குட்டிக்குப் பொட்டு வெச்சு மாலை போட்டிருப்பேன்.”

ஜோசப் ராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஹெட்போனைத் திருப்பிப் பார்த்தார்.

“கம்பெனி வயர் தொள்ளாயிரம் ஆவும்மா. சேலத்துல சொல்லி, வர ரெண்டு நாளு.”

“ரெண்டு நாளா? அவ இன்னிக்கே போயிடுவா தம்பி! இருக்கறதுல வெலை கம்மியாப் பாரு. ஆனா உழைக்கணும்.”

“வயரே இல்லாத ப்ளூடூத் இருக்குதுங்க.”

“அது வேணாம். சார்ஜ் தீந்து நடுவுல நின்னுப்போச்சுன்னா?”

“நின்னா நிக்கட்டுமேக்கா, பாட்டுத்தானே!” என்றாள் சுபா. தீர்த்தம்மாள் அதைக் காதில் வாங்கவில்லை.

காரில் பாட்டுப் போட வாங்குகிற மலிவான வயர் ஒன்றை எடுத்துச் செருகினார் ஜோசப் ராஜ். பின்னின் தலை தடிமன். ஹெட்போனின் ஓட்டைக்குள் போகவே இல்லை. அடுத்தது போனது. மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“ஒரு காதுலதான் பாட்டு வருது.”

“ஐயோ, ஒரு காது பத்தாது தம்பி! இன்னொண்ணு சும்மா இருந்தா அம்புட்டும் போச்சு.”

கீழ்த் தட்டைக் குடைந்து, துணி சுற்றிய வயர் ஒன்றைத் தேடி எடுத்தார். மெலிந்த பின். சொருகினதும் ‘டிக்’கென்று உட்கார்ந்தது.

“நூத்தியம்பதும்மா. ஆடு கடிச்சாலும் தாங்கும்.”

“இரு, டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம். நீயே மாட்டிக்க. பாட்டு வெய்யி.”

ஜோசப் ராஜ் மாட்டிக்கொண்டார். தீர்த்தம்மாள் முந்தானையை இடுப்பில் செருகினாள். மூச்சை இழுத்தாள். அவ்வளவுதான்.

“ஏய் கோழி! சூரியன் மண்டைக்கு மேல வந்தப்புறமா எந்திரிக்கற? குழம்புல உப்பக் காணோம், ரசத்துல புளியக் காணோம்! அரூர்ல இருந்து தேடிப் புடிச்சிட்டு வந்தோம் பாரு, எங்களச் சொல்லணும்! உங்கம்மா இதைத்தான் சொல்லிக் குடுத்தாளா?”

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடையில் கோழியும் இல்லை, ஒரு இறகும் இல்லை. ஆனால் சுபாவுக்கு உடனே விளங்கிவிட்டது. மாமியார் கோழியைத் திட்டினால் அது யாருக்கு என்று தெரியாமலா அவளும் ஒரு வீட்டுக்கு மருமகளாய்ப் போய்க் குப்பை கொட்டினாள்?

ஜோசப் ராஜ் மட்டும் சுகமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு ஹெட்போனைக் கழற்றினார்.

“ஏதாச்சும் சொன்னீங்களாம்மா? ஒண்ணுமே கேக்கலியே.”

தீர்த்தம்மாளின் முகம் மலர்ந்துபோனது.

“இதையே குடு சாமி. இனி அவ ஊருக்குப் போவ மாட்டா.”

சுபா மெதுவாக வாயைத் திறந்தாள். “ஏங்க்கா, நீங்க வாயக் கொஞ்சம் அடக்கிட்டா வயரே வேண்டியதில்லையே?”

“அடக்கிப் பாத்தேன் தங்கச்சி. நேத்து வயர் போனதும் வாயில துணிய அடைக்காத குறைதான். மத்தியானம் வரைக்கும்கூடத் தாங்கல. பாவம், அவ எல்லாத்தையும் கேட்டுட்டா. அவளாட்டம் நல்ல புள்ள எங்க ஊருலயே இல்ல. அவ போயிட்டா எனக்கு வூடே இருக்காது.”

சொல்லிக்கொண்டே இடுப்பில் செருகிய முந்தானையை உருவிக் கண்ணைத் துடைத்தாள். சுபாவுக்கும் என்னவோ போல் ஆகிவிட்டது.

“அழாதீங்க்கா. நல்ல வேளை, உங்க பையனாச்சும் நிலைமை தெரிஞ்சு இதை அவளுக்கு வாங்கிக் குடுத்தாரே.”

தீர்த்தம்மாள் ஹெட்போனைப் பத்திரமாகப் பையில் வைத்தாள்.

“அவனுக்கு எங்க அந்த அறிவு? அவ வந்த மறு மாசமே புளி வித்த காசுல நான்தான் வாங்கினேன். ‘என் வாய் என் பேச்சைக் கேக்காது, நான் கோழியத் திட்ட ஆரம்பிச்சதும் இதை எடுத்து மாட்டிக்க கண்ணு’ன்னு நான்தான் அவ காதுல மாட்டியும் வுட்டேன்.”