எதிர் மேஜைக்காரன்

“உங்க கருவியில பதிவான அளவு மொத்தத்தையும் எதிர் மேஜை சார் வாங்கிட்டுப் போயிருக்காருங்க” என்றார் டெக்னீஷியன். “மூணு வாரம் ஆச்சு. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னார்.”

அவளுக்குச் சுருக்கென்றது.

ஆபீஸே அவனுக்கு வைத்திருந்த பெயர் உம்மணாமூஞ்சி. ஒரே அறை, எதிரெதிர் மேஜை. இருவருக்கும் டாக்டர் பட்டம் கிடைத்து இரண்டே வருடம். கடல் ஆய்வு மையத்தில் காலியாக இருந்ததோ ஒரே ஒரு நிரந்தர வேலை. மறுநாள் இருவருக்கும் அதற்கான இன்டர்வியூ.

நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் அவள் இறக்கிய கருவி ஒரு வருடம் நீரோட்டத்தை அளந்திருந்தது. அங்கே இருக்கும் ஆற்றல், எல்லோரும் நினைத்ததைவிட இரண்டு மடங்கு. அவனுடைய கம்ப்யூட்டர் மாடலோ, அந்த ஆழத்தில் தண்ணீர் தூங்குகிறது என்றது. இரண்டில் ஒன்றுதான் சரியாக இருக்க முடியும்.

கணவனுக்குப் போன் செய்தாள்.

“கூடவே இருந்து குழி பறிக்கிறான். போய் நல்லா நாலு கேள்வி கேளு” என்றான் கணவன்.

“எதுக்கு? எவ்வளவு தோண்டினாலும் என் கணக்குல ஓட்டை கிடைக்காது. தோண்டிட்டுப் போகட்டும்.”

மறுநாள் முதலில் அவனைக் கூப்பிட்டார்கள். அரை மணியில் வெளியே வந்தவன், அவளை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் நடந்தான்.

‘எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பார்ப்பான்?’ என்று நினைத்தபடி உள்ளே போனாள்.

தேர்வுக் குழுத் தலைவி எடுத்த எடுப்பிலேயே கேட்டார். “கருவியைக் கட்டியிருக்கிற கேபிள் அதிர்ந்தாலும் அளவு கூடுதலா காட்டுமே?”

“அதிர்ந்தா கருவி ஆடும், ஆடினா அதுவும் பதிவாகும். வருஷம் முழுக்கப் பார்த்துட்டேன் மேடம், ஆடலை. எனக்கு முன்னாடி வந்தவர் என்ன குறை சொல்லியிருந்தாலும் இப்பவே பதில் சொல்றேன்.”

லேப்டாப்பைத் திறக்கப் போனாள். தலைவி கையமர்த்தினார்.

“அவர் குறை எதுவும் சொல்லலியே. சந்தேகம் எங்களுக்குத்தான் இருந்தது. அவர்தான் ஒவ்வொரு நாள் அளவையும் தனியா சரிபார்த்து, நீங்க சொல்றது சரின்னு எழுதிக் குடுத்திருக்கார். உங்களுக்குத் தெரியாம செஞ்சாத்தான் நாங்க நம்புவோம்னார்.”

நாலு பக்க அறிக்கையை அவள் பக்கம் நகர்த்தினார்.

அதன் முதல் வரி: ‘நான் பட்டம் வாங்கிய மாடல் தவறு.’