முகம் தேடும் கட்டம்

மழை விட்ட மாலை. பல்கேரியாவின் பிளோவ்திவ் நகரத்துக் கேமராக் கடையில் வெலின் இருப்பதிலேயே மலிவான மிரர்லெஸ் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். சட்டைப்பையில் பழைய சின்ன காம்பாக்ட் கேமரா. அதில் இருக்கும் படமெல்லாம் ஒரு பூனையும் அவன் கட்டைவிரலும்தான். இனி மனிதர்களை எடுக்கலாம் என்று வந்திருக்கிறான். "இது முகத்த தானாவே கண்டுபிடிச்சிரும்ணே. வீட்ல யாரு இருக்காங்க?" என்கிறாள் கடைக்காரப் பெண் ரதோஸ்தினா. "பூனை இருந்துச்சு. அதுவும் பக்கத்து வீட்டோட போயிருச்சு." அவள் சிரித்துவிட்டு, அடிக்கும் போனை எடுக்கத் திரும்புகிறாள். அவன் கேமராவைத் தெருப்பக்கம் நீட்டுகிறான். திரையில், முகம் தேடும் பச்சைக் கட்டம் ஆளில்லாத தெருவில் அலைந்து, எதிர்க் கம்பத்தில் ஒட்டிய மரண அறிவிப்பில் சிரிக்கும் மீசைக்காரர் முகத்தில் போய் நிற்கிறது. போனை வைத்துவிட்டு அவள் கேட்கிறாள்: "ஆளு கெடச்சுதாண்ணே?" அவன் இடவலமாகத் தலையாட்டுகிறான்; இந்த ஊரில் ஆமாம் என்பதற்கு அப்படித்தான். "அப்ப பில் போட்டுரவா?" கட்டம் நகரவில்லை. மீசைக்காரர் சிரித்துக்கொண்டே இருக்கிறார். மரியாதைக்கு அவனும் சிரித்து வைக்கிறான்.