மேல்கிளைப் பழம்

மலைக்கோயில் அடிவாரத்துப் புளியமரத்தில் ஒரு கிழட்டுக் குரங்கும் அவர் மனைவியும் இருந்தார்கள். பக்தர்கள் வாழைப்பழத்தைக் கையிலேயே கொடுத்ததால் கிழவர் மரமேறுவதையே விட்டிருந்தார். போன மாதம்தான் கோயில் நாய் பக்கத்து மரத்துக் கிழவரைத் தரையில் பிடித்துக் கடித்திருந்தது. அன்றிலிருந்து மனைவி இவருடைய பழத்தைப் பிடுங்கிப்போய்க் கிளையில் வைத்தாள். நாளாக ஆக, இன்னும் மேலே வைத்தாள்.

“முட்டி வலிக்குதுடி பாவி, கீழே போடேன்!”

“மெதுவா ஏறி வாங்க. இப்ப யாரு துரத்துறா?”

கிழவர் திட்டிக்கொண்டே ஏறினார். முதலில் கிளையும் ஆடியது, காலும் ஆடியது. மழைக்காலம் வருவதற்குள் கிளை மட்டும்தான் ஆடியது.

ஒருநாள் அந்த நாய் பாய்ந்து வந்தது. கிழவர் ஒரே மூச்சில் உச்சிக்கிளைக்குப் போய்விட்டு, சுற்றும்முற்றும் பார்த்தார்.

“இவ்வளவு உயரம் வந்திருக்கேன். பழம் எங்கேடி?”