மஞ்சள் வேட்டியில் சிவப்பு

தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு பரவிக்கொண்டே போயிற்று. இடுப்பில் துண்டோடு துவைகல் முன்னால் குத்தவைத்திருந்த சோணைமுத்து வேட்டியைத் திருப்பிப் போட்டான். "ஆத்தா மாரியம்மா, பொண்டாட்டி வாரதுக்குள்ள இதைப் போக்கிவிட்டுரு!" என்று முனகிக்கொண்டே இன்னும் நாலு இழுப்பு இழுத்தான். வேட்டியின் முன்பக்கம் கோழி அறுத்த இடம் மாதிரி ஆகிவிட்டது.

கொலையும் இல்லை, கோழியும் இல்லை. எல்லாம் ஒரு சொட்டுச் சால்னா செய்த வேலை.

விருதுநகரில் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் திருவிழா சாட்டியிருந்தார்கள். புருசனும் பெண்டாட்டியும் காப்புக் கட்டி, மஞ்சளில் நனைத்த துணி உடுத்தி விரதம். கவிச்சி வாடைகூட ஆகாது. போன வருசம் விரதத்தின் நடுவில் கருவாடு தின்று மாட்டிக்கொண்டவன் அவன். ஆடி பிறக்கிற வரை பெண்டாட்டி மாடத்தி அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்த வருசம் காப்புக் கட்டும்போதே சொல்லிவிட்டாள். "இன்னொரு தடவை இப்படி நடந்துச்சு, திருத்தங்கலுக்கு எங்காத்தா வீட்டுக்குப் போயிருவேன். திரும்பி வரமாட்டேன்."

சொன்னால் செய்கிறவள். அவள் இல்லாத வீட்டில் அவனுக்கு ஒரு நாள்கூட ஓடாது.

ஆனாலும் நாக்கு கேட்கிறதா? தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை முடிந்து வரும் வழியில், எண்ணெயில் பொரிந்த புரோட்டாவின் மணம் கழுத்தைப் பிடித்து இழுத்துவிட்டது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கறிச் சால்னாவை ஊற்றி ஊற்றி அடித்தான். கடைசி வாயில் ஒரு சொட்டு மடியில் விழுந்தது.

அவனுக்கே வெட்கமாகத்தான் இருந்தது. நேற்று ராத்திரிகூட மாடத்தி, "எனக்குப் பசியே இல்ல, என் பங்கையும் நீங்களே சாப்பிடுங்க" என்று தன் தட்டை அவன் பக்கம் நகர்த்தியிருந்தாள். பக்தி என்றால் அதல்லவா பக்தி!

வீட்டுக்கு வந்ததும் கறை போகட்டுமென்று துணி துவைக்கிற சவுக்காரத்தைப் போட்டான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தி சிவக்கிறதே, அதே வேலையைச் சவுக்காரமும் செய்யும் என்று அவனுக்கு யார் சொல்லிவைத்தார்கள்? கை பட்ட இடமெல்லாம் சிவந்தது. எண்ணெய் மட்டும் அசையாமல் நின்றது.

அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு அய்யம்மாள் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"ஐயையோ! ஏ மாடத்தி, ஓடியா! ஒம் புருசன் வேட்டியெல்லாம் ரத்தம்!"

"ஏத்தா, கத்தாத!" என்றான். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான்.

தெருக்குழாயில் பிடித்த குடத்தை அப்படியே போட்டுவிட்டு மாடத்தி ஓடிவந்தாள். "எங்கன பட்டுச்சு? காட்டுங்க!"

"ஒண்ணுமில்ல புள்ள... கம்பெனியில ஆணி குத்திருச்சு."

"எங்கன குத்துச்சு?"

"கால்ல."

"எந்தக் கால்ல?"

அதை அவன் யோசித்து வைக்கவில்லை. வலதைத் தூக்கிக் காட்டினான். பிறகு இடதைத் தூக்கிக் காட்டினான். ரெண்டிலும் ஒரு கீறல்கூட இல்லை. அய்யம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நீ போத்தா, நான் பாத்துக்கிறேன்" என்று அவளை அனுப்பிவிட்டு, மாடத்தி வேட்டியைப் பிடுங்கினாள். ஒரு தடவை மோந்து பார்த்தாள். மறுபடியும் மோந்தாள்.

சோணைமுத்து கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். போச்சு, குடி கெட்டது! அவள் மூட்டையைக் கட்டித் திருத்தங்கல் பஸ்ஸில் ஏறுவதே கண்ணுக்குள் தெரிந்தது. அழுகை வந்துவிடும் போலிருந்தது.

மாடத்தி சுவர்ப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அவன் காதோரம் குனிந்தாள்.

"சவுக்காரம் போட்டா செவக்காம என்ன செய்யும்? அரிசி மாவை அப்பிவச்சு எண்ணெயை எடுத்துட்டு, புளித்தண்ணில அலசுங்க."

அவன் கண்ணைத் திறந்தான்.

"நேத்து என் சேலையில கொட்டுன சால்னா அப்படித்தான் போச்சு."