ஒரு ஆளுக்கு மட்டும் விலக்கு

"காக்கா பிடிக்கறதுக்கு ஒரு அளவு வேண்டாமா?" என்றார் நிறுவனர். "கம்ப்யூட்டருக்குள்ள உக்காந்துக்கிட்டா காக்கா பிடிப்பாங்க?"

எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் எழுதிய புரோகிராமை வரி வரியாகப் படித்துக் கோளாறு கண்டுபிடிப்பது அவள் தொழில். எதுவும் தப்பாது என்பதால் போகிற ஆபீசிலெல்லாம் சல்லடை என்று பெயர் வாங்கியிருந்தாள். அதைப் பாராட்டாகத்தான் சொல்கிறார்கள் என்று நம்ப அவளுக்கு ஆசை.

விஷயம் இதுதான். அந்த நிறுவனம் ரத்ததானத்துக்காக ஒரு செயலி நடத்தியது. ஏதாவது மருத்துவமனை ரத்தம் கேட்டால், அதே பிரிவு ரத்தம் உள்ள அக்கம்பக்கத்து ஆட்களின் போனெல்லாம் ஒரே நேரத்தில் மணியடிக்கும். நோயாளி யார் என்பதை மட்டும் செயலி யாருக்கும் காட்டாது.

போன வாரம் ஒரு பிரசவத்துக்கு ஓ நெகட்டிவ் கேட்டு வந்தது. லேசில் கிடைக்காத ரத்தம். மணியடித்த நாலைந்து பேரில் ஒருவராலும் உடனே வர முடியவில்லை. கடைசியில் வெளியூரிலிருந்து ரத்தம் வந்து, தாய் மயிரிழையில் பிழைத்தாள்.

நிறுவனரும் ஓ நெகட்டிவ்தான். அந்த மருத்துவமனைக்கு அடுத்த தெருவில், இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் போன் மட்டும் அடிக்கவே இல்லை. அது ஏன் என்று பார்க்கத்தான் சல்லடையை வரவழைத்திருந்தார்.

வேலை அவ்வளவு சுலபமாக இல்லை. ஆட்களின் விவரமெல்லாம் கட்டம் போட்ட அட்டவணையாக இருந்திருந்தால், ஒருத்தருக்குக் கூடுதலாக ஒன்று எழுதினாலும் எல்லாருக்கும் ஒரு கட்டம் முளைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். இவர்களுடைய தரவுத்தளம் அந்த வகை இல்லை. ஆளுக்கொரு பை மாதிரி. யார் பையில் எதைப் போட்டாலும் ஏன் என்று கேட்காது. அத்தனை பைகளையும் துழாவுவதைவிட, பையைத் திறந்து பார்க்கிற புரோகிராமைப் படிப்பதுதான் புத்திசாலித்தனம்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தாள். ஒரு மூலையில் அகப்பட்டது. 'ஓய்வு' என்ற குறிப்பு இருந்தால் அந்த ஆளை விட்டுவிட்டு அடுத்தவருக்குப் போ என்று ஒரு வரி. ஆயிரக்கணக்கான பேரில் அந்தக் குறிப்பு இருந்தது ஒரே ஒருவருக்கு. அது நிறுவனர்.

இவரே போடச் சொல்லிவிட்டு இப்போது நாடகம் ஆடுகிறாரோ என்றுகூட முதலில் அவளுக்குத் தோன்றியது. மேடைக்கு மேடை ரத்ததானத்தைப் பற்றி வாய் வலிக்கப் பேசுகிற மனிதர். ஆனால் விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் போன போக்கு நடிப்பாகத் தெரியவில்லை. அப்படியென்றால் முதலாளிக்கு ஜால்ரா போட யாரோ செய்த வேலைதான்.

அந்த வரியை எழுதியவனை வரச் சொன்னார்கள். ஆபீசில் அவனுக்கு மௌனசாமி என்று பெயர். வேலையைத் தவிர வேறெதையும் யாரிடமும் பேசாத ஆசாமி. வந்து, இடித்த புளி மாதிரி நின்றான்.

நிறுவனர் வெளுத்து வாங்கினார். ஊருக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயமா என்று நாளைக்கு நாலு பேர் சிரிக்க மாட்டார்களா என்றார். முதலாளிக்குத் தொந்தரவு வேண்டாம் என்று முடிவு பண்ண இவன் யார் என்றார். யார் சொல்லிச் செய்தீர்கள் என்று சல்லடையும் நயமாகக் கேட்டுப் பார்த்தாள். தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"சரி. நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்," என்றார் நிறுவனர்.

கணக்குப் பிரிவைக் கவனித்துக்கொள்ளும் அவர் மனைவி கதவருகில் எவ்வளவு நேரமாக நின்றிருந்தாளோ தெரியாது. உள்ளே வந்தாள்.

"அந்தத் தம்பியை ஏங்க அனுப்பறீங்க? போடச் சொன்னது நான்தான்."

போன முறை ரத்தம் கொடுத்துவிட்டு வந்தவர் மாடிப்படியில் சுருண்டு விழுந்ததைச் சொன்னாள். இதயம் பலவீனம், இனி ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதற்குச் சமர்த்தாகத் தலையாட்டிவிட்டு, அடுத்த மணி அடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினாராம். அன்றைக்கு வண்டிச் சாவியை ஒளித்து வைத்துத்தான் அவரை நிறுத்த முடிந்ததாம். தினமும் சாவியை ஒளித்துக்கொண்டிருக்க முடியாது என்று மௌனசாமியிடம் போய் அழுதிருக்கிறாள். அவருக்குத் தெரிந்தால் மறுநிமிஷமே அதை எடுக்கச் சொல்லிவிடுவார் என்று, மூச்சு விடக் கூடாது என வாக்கும் வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

சல்லடைக்கு என்னவோ போலாகிவிட்டது. இப்படிப்பட்டவனைப் போய் ஜால்ரா என்று நினைத்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

நிறுவனருக்கும் சுருதி இறங்கிவிட்டது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

"என் உயிருதான் உங்களுக்கெல்லாம் பெரிசு, அந்தப் பொண்ணு உயிரு பெரிசில்லையா?" என்றார். "அவளுக்கு ஒண்ணு ஆகியிருந்தா, அவ புருஷனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

மௌனசாமி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான்.

"பதில் ஒண்ணும் வேண்டாம் சார். அவ என் சம்சாரம்தான்," என்றான். "அந்தக் குறிப்பை எடுத்துடலாம்னு ஆஸ்பத்திரி வராந்தாவுல போனைக் கையில வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். கை வரலை."